ஜன்னலுக்கு வெளியே நின்றவர்

பணி ஓய்வு பெற்றதும் இனி யாரும் என்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி வகுப்பாம். டாக்டர்கள் உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் நோய்ப் பட்டியல் மாறியிருக்கிறதாம். பாலியல் விருப்பங்களில் முன்பு நோய் என்று எழுதியிருந்த சிலவற்றை எடுத்துவிட்டார்களாம். "மேடம், எது நார்மல், எது அப்நார்மல்னு ஒரே ஒரு டெஃபனிஷன் குடுத்துட்டீங்கன்னா ஸ்லைடுல போட்டுடுவோம்" என்றாள்.

ஸ்லைடில் போடுவதற்கு அது என்ன, சாம்பார்ப் பொடிக்கு அளவா? எனக்கு வந்த எரிச்சலில் அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை. அந்தக் குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் உளவியல் ஆலோசகராக என் காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். 'வக்கிரம்' என்ற சொல்லை நான் கேட்ட அளவுக்கு என் சொந்தப் பெயரைக்கூடக் கேட்டதில்லை. யார் யாரைச் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பேராசிரியர் இந்தப் பாடம் வந்த அன்று புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மளமளவென்று வாசித்தார். "பரீட்சைக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். பரீட்சைக்கு வரவில்லைதான். வேலைக்குச் சேர்ந்த வாரமே வந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மருத்துவ முகாம். கல்யாணம் நிச்சயமான ஓர் இளைஞர், எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து கடைசியில் வந்து உட்கார்ந்தார். தனியாக இருக்கும்போது தானே சுகம் காண்கிற பழக்கம் அவருக்கு உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு உள்ள பழக்கம். ஆனால் கீழே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்து, 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிற வைத்தியர் ஒருவர், "உன் ரத்தமெல்லாம் கெட்டுப்போச்சு, நீ கல்யாணத்துக்கு லாயக்கில்லை" என்று சொல்லி லேகியம் கொடுத்திருக்கிறார். லேகியத்துக்காக வீட்டு ஆடுகள் போய்விட்டன. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இது நோயே இல்லை, உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, தைரியமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மருந்து ஒண்ணும் குடுக்க மாட்டீங்களா?" என்றார். இல்லை என்றதும் முகம் சுண்டிவிட்டது. எழுந்து போகும்போது கூட வந்தவரிடம், "மருந்து குடுக்காதது இன்னா ஆஸ்பத்திரி?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நோய் இல்லை என்று சொன்னால் நம் மக்களுக்கு ஏதோ ஏமாந்த மாதிரி இருக்கிறது.

என் மேலதிகாரியான மனநல மருத்துவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நோயாளி உள்ளே வந்ததும் அவருடைய முதல் கேள்வி, "சாப்ட்டீங்களா?" கூலி வேலைக்காரரோ மிராசுதாரரோ, எல்லாருக்கும் 'ங்க'தான். மேசையில் எப்போதும் ஒரு தம்ளர் தண்ணீர் மூடி வைத்திருப்பார்; அதை நோயாளி பக்கமாக நகர்த்துவார். கூட வந்தவர்கள் வாயைத் திறந்தால் உள்ளங்கையைக் காட்டுவார். "உங்ககிட்ட அப்பறம் வரேன். வெளியில உக்காருங்க." அவர்கள் போய் வராந்தா பெஞ்சில் உட்காருகிற சத்தம் கேட்கும்வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார். பிறகுதான் தூக்கம், பசி, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஓர் ஆளைப் பேசவைக்க அவரைப்போல் யாருக்கும் வராது.

ஆனால் மனிதருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பெயர் வைக்காமல் யாரையும் வெளியே அனுப்பமாட்டார். நோயாளி பேசி முடித்ததும் தலையணை மாதிரியான புத்தகத்தை இழுத்து, விரலால் மேலிருந்து கீழே தடவி, ஒரு பெயரில் நிறுத்துவார். "பேர் வெக்காம எப்படிம்மா மாத்திரை எழுதறது?" என்பார். மாத்திரை எதற்கு என்று நான் கேட்டால், எழுந்துபோய்க் கை கழுவுவார். பதில் சொல்லப் பிடிக்காதபோதெல்லாம் அவருக்குக் கை அழுக்காகிவிடும்.

ஏழுமலை வந்தது அவருடைய அறைக்குத்தான். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊர் ரிஷிவந்தியத்துக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். எழுதலாம் என்று அவருடைய மனைவி செல்வி அனுமதி கொடுத்திருக்கிறாள். "எழுதுங்க மேடம், ஆனா நல்லா திட்டி எழுதுங்க" என்றாள்.

ஒரு காலைநேரம், புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. நாலு பேர் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார்கள். நடுவில் உதடு கிழிந்து, சட்டைப் பொத்தான் அறுந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒருவர். அவர்தான் ஏழுமலை, கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தது செல்வியின் அண்ணன் குமார். பின்னால் வெள்ளை வேட்டியில் தருமலிங்கம். ஊரில் பெரிய மனிதர். ஏழுமலை ஓட்டுகிற டிராக்டர் அவருடையது. ஊர்ப் பெண்கள் குளிக்கிற பம்பு செட்டும் அவருடையது. நாலாவது ஆளைப் பார்த்துத்தான் எனக்கு ஆச்சரியம். மல்லிகா. எனக்குப் பழக்கமான திருநங்கை. வீட்டார் கைவிட்ட திருநங்கைகள் சிலரை மகள்களாக வைத்துக் காப்பாற்றி வந்தவர்.

"மேடம், இவன் ஆம்பளயா பொம்பளயான்னு எழுதிக் குடுங்க" என்றார் குமார். "என் தங்கச்சி பொடவய கட்டிக்கினு கண்ணாடி எதிர்ல உக்காந்துக்கினு இருக்கான். எம்மாம் அசிங்கம்! மென்டலுன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க, தங்கச்சியையும் கொயந்தையையும் நான் கூட்டிக்கினு போயிடுறேன். இவன் எங்கனாச்சும் ஒழியட்டும்."

தருமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "வக்கிரம்மா. ஊருக்கே கேவலம். நான் என் கண்ணால பாத்தேன். டிராக்டர் சாவிய அப்பவே புடுங்கிட்டேன்."

மல்லிகாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னா மேடம் அக்குறும்பு இது! காலங்காத்தால ஒரு ஆம்பளய இழுத்தாந்து என் வாசல்ல வுட்டுட்டு, 'இந்தாங்க உங்க ஆளு, வெச்சிக்கோங்க'ன்றாங்க. நான் இன்னா ஆளு புடிக்கிற ஆபீஸா நடத்துறேன்? பொடவ கட்டினா எங்க ஆளாய்டுமா? அப்ப ஜவுளிக்கடையில நிக்குதே பொம்மை, அதுவும் எங்க ஆளுதானா?"

கூத்தாண்டவர் கோயில் திருவிழாவை வருஷா வருஷம் பார்க்கிற மக்கள். சித்திரையில் நாடு முழுவதிலுமிருந்து திருநங்கைகள் வந்து சேருகிற மண். எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு. புடவை கட்டிய ஆணைப் பார்த்தார்கள், நேராகக் கொண்டுபோய் மல்லிகா வாசலில் ஒப்படைத்துவிட்டார்கள். கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஓர் ஆளைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்த இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது?

"நான் அந்த ஆளத் தனியா கேட்டேன்" என்றார் மல்லிகா. "'உனக்குள்ள பொண்ணுன்னு தோணுதாடா?'ன்னேன். 'அதெல்லாம் இல்லக்கா. எனக்கு என் பொண்டாட்டி வோணும், என் பொண்ணு வோணும், வூட்டுக்குப் போவணும்'னு அயுவுறான். எங்க பொயப்பு வேற, இந்த ஆளு சமாச்சாரம் வேற. அதான் உங்ககிட்ட கூட்டியாந்தேன்." இவ்வளவு தெளிவாகப் பேசினாரே என்று நான் சந்தோஷப்படுவதற்குள், கிளம்பும்போது என் காதருகே வந்து, "ஆனாலும் மேடம், ஆம்பளயா இருந்துக்கினு பொண்டாட்டி பொடவய கட்றது நல்லாவா இருக்கு? பாத்து புத்தி சொல்லுங்க" என்றாரே பார்க்கலாம்! ஆயுள் முழுக்க ஊர் வாயில் அகப்பட்டவரே அப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

டாக்டர் உள்ளங்கையைக் காட்டினார். எல்லாரும் வெளியே போனார்கள். பெஞ்சு கிறீச்சிட்டது. தண்ணீர்த் தம்ளர் நகர்ந்தது.

"சாப்ட்டீங்களா?"

ஏழுமலை இல்லை என்று தலையாட்டினார். உதடு எரிந்ததால் தண்ணீரைக்கூட ஓரமாகத்தான் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஆசை. கரும்பு லோடு அடித்துவிட்டு வந்து, குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, செல்வியின் கத்திரிப்பூ நிறப் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மனசு பஞ்சாட்டம் ஆய்டும் சார். ஆசயும் வரும், பொய் சொல்லக்கூடாது. செல்விகிட்டதான். வேற யார்கிட்டயும் எனக்கு ஒண்ணும் கெடயாது. கொயந்த அவங்க மாமா வூட்டுல இருக்கற அன்னிக்கித்தான் கட்டுவேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"தெரியும் மேடம்."

"என்ன சொல்லுவாங்க?"

"கொசுவம் சரியா வெக்கத் தெரியலன்னு திட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கிழிந்த உதட்டோடு லேசாகச் சிரித்தார். அந்த அறைக்குள் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

டாக்டர் புத்தகத்தை இழுத்தார். விரல் கீழே இறங்கியது. அப்போதைய பழைய பதிப்பில் அதற்குப் பெயர் இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சார், இதுல யாருக்கு என்ன கெடுதல்? கட்டிக்கிட்ட ரெண்டு பேர், கதவைச் சாத்திட்டு, ரெண்டு பேருக்கும் சம்மதமா இருக்காங்க. இதுக்கு எதுக்கு ஒரு வியாதிப் பேரு?" என்றேன்.

"அவர் வேதனையில இருக்காரேம்மா. வேதனை இருந்தா வியாதிதான்."

"அது குமார் அடிச்ச வேதனை சார். உதட்டுல ரத்தம் வருது, மனசுல இல்ல. அடிச்சவங்களை விட்டுட்டு அடி வாங்கினவருக்கா மாத்திரை?"

டாக்டர் எழுந்துபோய்க் கை கழுவினார். சர்டிபிகேட்டில் என்ன எழுதுகிறார் என்பதை வைத்துத்தான் அந்த மனிதர் அன்று மாலை எந்த வீட்டுக்குப் போவார் என்பதே இருக்கிறது. மனைவி, குழந்தை, வேலை, மூன்றும் ஒரு பெயரில் தொங்குகின்றன. டாக்டரோ சோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் செல்வி வந்து சேர்ந்தாள். அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி திறந்துவிட, பஸ் பிடித்து வந்தவள், வியர்வையோடு நேராக அறைக்குள் நுழைந்தாள். டாக்டர் உள்ளங்கையைக் காட்டினார். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எனக்குத் தெரிஞ்சி, என் சம்மதத்துல என் வூட்டுக்காரரு என் பொடவய கட்றாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. ஊருக்கு இன்னா வலிக்குது?" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சார், நான் ஒண்ணு கேக்கணும். ஊர்க்கூட்டத்துலயும் கேட்டேன், 'பொம்பள நீ சும்மா கெட'ன்னுட்டாங்க. நாங்க கதவ சாத்திக்கினு இருந்தோம். தெருப் பக்கம் ஜன்னலே இல்ல. பின்னாடிதான் ஒரே ஒரு ஜன்னலு, உள்ளாற குளிக்கிறதுக்கு மறைச்ச தட்டிக்கு மேல. அந்தப் பெரிய மனுசன் எப்டிப் பாத்தாரு?" என்றாள்.

அடி விழுந்தாயிற்று, ஊர்க்கூட்டம் கூடியாயிற்று, மல்லிகா வாசல்வரை போயாயிற்று, எங்களிடம் வந்தாயிற்று. இவ்வளவு பேரும் ஜன்னலுக்கு உள்ளே என்ன இருந்தது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தாரே, அவருக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவர் கேட்கவில்லை. எனக்கு என் படிப்பின் மேலேயே வெறுப்பாக வந்தது.

தருமலிங்கத்தை உள்ளே கூப்பிட்டேன். குமாரும் கூடவே வந்தார்.

"ஐயா, நீங்க எந்தப் பக்கமா நின்னு பார்த்தீங்க?"

"பின்பக்கந்தான். கரும்புக்குத் தண்ணி பாயுதான்னு பாக்கப் போனேன்."

"அந்தப் பக்கம் வாய்க்கால் இருக்கா?"

அவர் பதில் சொல்வதற்கு முன் செல்வி சொன்னாள். "வாய்க்காலும் இல்ல, வழியும் இல்ல. ஜன்னலு ஆளு ஒயரத்துக்கு மேல இருக்குது. கீய ரெண்டு கல்லு அடுக்கி வெச்சிருக்குது, போய்ப் பாருங்க. அது நான் குளிக்கிற நேரம். என்னைப் பாக்க வந்தவரு. அன்னிக்கி அவருக்கு என் வூட்டுக்காரருதான் கெடைச்சாரு." பிறகு அண்ணனைப் பார்த்து, "இந்த ஆளு பம்பு செட்டுக்கு நாங்க ஏன் தனியாப் போறதில்லன்னு உன் பொண்டாட்டிய கேளு. ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும்" என்றாள்.

குமார் தரையைப் பார்த்தார். "அவுரு பெரிய மனுசன்... கொஞ்சம் சபல புத்தி... அதுக்காவ..." என்று இழுத்தார்.

சபல புத்தி! சம்மதத்தோடு கதவைச் சாத்திக்கொண்டவருக்கு வக்கிரம் என்று பெயர். கல் அடுக்கி ஏறி, குளிக்கிற பெண்ணை அவளுக்குத் தெரியாமல் பார்க்கிறவருக்கு சபலம் என்று பெயர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் கதைதான். நான் டாக்டரைப் பார்த்தேன். "சார், உங்க புத்தகத்துல இதுக்கும் பேர் இருக்கே. விரலை இன்னும் கொஞ்சம் கீழ கொண்டுபோங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "அவர் நம்ம பேஷன்ட் இல்லம்மா" என்றார். மறுபடியும் குழாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. தருமலிங்கம் வராந்தாவில் போய் ஒரு டீ குடித்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. "ஏன் குமாரு, இது கூத்தாண்டவருக்கு வேண்டிக்கினதா இருக்குமோ?" என்றார். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் உள்ள ஆண்களும் திருவிழாவில் சாமிக்குத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. வளையல் போட்டு, புடவை சுற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குமார் முகத்தில் எவ்வளவு வெளிச்சம்! "மச்சான், வேண்டுதல்னு மொதல்லயே சொல்லியிருந்தா அடிச்சிருக்கவே மாட்டமே!" என்று ஏழுமலையின் தோளில் கை போட்டார். இரண்டு நிமிஷத்தில் வக்கிரம் பக்தியாகிவிட்டது. புடவை அதே புடவைதான். ஆளும் அதே ஆள்தான்.

ஏழுமலை எங்களைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கல் அடுக்கிய கதையை இனிமேல் பேசக்கூடாது, டிராக்டர் சாவி திரும்பி வரும், குழந்தையோடு வீட்டில் இருக்கலாம். அதுதான் பேரம் என்று எல்லாருக்கும் புரிந்தது. "ஆமா, வேண்டுதல்தான்" என்றார் ஏழுமலை. சர்டிபிகேட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. டாக்டருக்கு ஒரே நிம்மதி.

பொய் வேண்டுதல் என்றாலும் செலுத்தியாக வேண்டுமே. அந்தச் சித்திரையில் ஊரே வேன் வைத்துக்கொண்டு போயிற்று. ஏழுமலையைப் புடவை கட்டி, பூ வைத்து, தாலி கட்டவைத்து, போட்டோ எடுத்து, தருமலிங்கமே முன்னால் நின்று கற்பூரம் ஏற்றினாராம். பிறகு ஒருநாள் ஏழுமலை என்னைப் பார்க்க வந்தார். "சாமிக்குக் கட்றவங்க சந்தோசமா கட்றாங்க மேடம். அது அவங்க பக்தி. எனக்கு அத்தினி பேரு எதிர்ல ஒடம்பு கூசிப் பூட்ச்சி. இது எனக்கும் செல்விக்கும் உண்டான சமாச்சாரம். இப்ப அந்தப் பொடவய பாத்தாலே வெறுப்பா இருக்குது" என்றார். வீட்டில் இருந்த அந்த ஒரே ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்களாம். "காத்து இல்ல மேடம். கொயந்தைக்கு வேர்க்குரு" என்றார். தப்புப் பண்ணினவர் காற்றாட நடக்கிறார், இவர்கள் சூளைக்குள் படுத்துத் தூங்குகிறார்கள். நான் என்ன ஆறுதல் சொல்வது? ஃபேன் போடுங்கள் என்று சொன்னேன்.

வருஷங்கள் போயின. பழைய டாக்டர் மாற்றலாகிப் போனார். இளம் டாக்டர் ஒருவர் வந்தார். நான் ஓய்வு பெற இருந்த சமயத்தில் ஒரு மத்தியானம், தருமலிங்கத்தை அவர் மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். நடை தளர்ந்திருந்தாலும் வேட்டி அதே வெள்ளை.

பம்பு செட்டில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள், புதருக்குள் ஒளிந்திருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். முன்பு மாதிரி முணுமுணுத்துவிட்டுப் போகவில்லை. சுற்றி நின்றுகொண்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். புகாரில் முதல் கையெழுத்து செல்வியுடையது.

"வயசானவரு மேடம். இது மனவியாதின்னு எழுதிக் குடுத்தா கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு" என்றான் மகன்.

இளம் டாக்டர் புதிய பட்டியலைப் பார்த்தார். "மேடம், இது லிஸ்ட்ல இருக்கு. சம்மதம் இல்லாதவங்களைத் தெரியாம பார்க்கறதுல அடங்காத நாட்டம், அதன்படி நடந்துக்கறது. புடவை கட்டறது மாதிரி விஷயங்களைத்தான் எடுத்துட்டாங்க" என்றார்.

இருக்கிறது, எனக்குத் தெரியாதா? ஒரு காலத்தில் விரலை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சியபோது அந்தப் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஏழுமலையை வீட்டைவிட்டுத் துரத்த ஒரு நோய்ப் பெயர் கேட்டு வந்தவர்கள், இவரைக் கேஸிலிருந்து காப்பாற்ற ஒரு நோய்ப் பெயர் கேட்டு வந்து நிற்கிறார்கள்.

"ரொம்ப நாளா இருக்குதும்மா. நான் இன்னா பண்றது, வியாதிதானே" என்றார் தருமலிங்கம்.

"அப்ப ஏழுமலைக்கு இருந்தது?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "அது வேறம்மா. அது அசிங்கம்."

இளம் டாக்டர் நல்ல பிள்ளை. கை கழுவப் போகவில்லை. பிரச்சினை இருக்கிறது, தொடர்ந்து சிகிச்சைக்கு வரவேண்டும் என்று எழுதினார். தான் செய்வது இன்னதென்று இவருக்குத் தெரியும், அடக்கிக்கொள்ளவும் முடியும் என்றும் அடுத்த வரியில் எழுதினார். "ஒளிஞ்சிக்கத் தெரிஞ்சவருக்கு தப்புன்னும் தெரியும்" என்று மகனிடம் நான் சொன்னேன். அவன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, வேறு டாக்டர் இல்லையா ஊரில் என்று கத்திவிட்டுப் போனான். சிகிச்சைக்கு அந்த மனிதர் ஒருநாளும் வரவில்லை. கேஸ் இன்னும் வாய்தா வாய்தாவாக நடந்துகொண்டிருக்கிறது. செல்வி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டுப் போகிறாள்.

இதையெல்லாம் அந்தப் பயிற்சி வகுப்புப் பெண்ணிடம் போனிலேயே சொன்னேன். வயது வந்தவர்களா, சம்மதம் இருக்கிறதா, யாருக்காவது தீங்கு உண்டா, அந்த ஆளின் வேதனை அவருடையதா, ஊர் கொடுத்ததா என்று பார்க்கச் சொன்னேன். விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நோய் என்று எழுதாதே, பெரிய மனிதர் செய்கிறார் என்பதற்காக எதையும் சபலம் என்று விடாதே என்றேன். யாராவது 'என் கண்ணால் பார்த்தேன்' என்று சொன்னால், எங்கே நின்று பார்த்தாய் என்று முதலில் கேள் என்றேன். அவள் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சூப்பர் மேடம். இதையே ஒரே லைன்ல சொல்ல முடியுமா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

தீபாவளி கழிந்த வாரம் செல்வியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வாய்தாவுக்கு வந்திருந்தாள். அன்றைக்கும் தள்ளிப்போட்டுவிட்டார்களாம். நான் கோர்ட்டைத் திட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு, "மேடம், ஜன்னல தொறந்துட்டோம்" என்றாள்.

"எப்ப?"

"அந்த ஆளு மேல கேஸ் போட்டதும் வூட்டுக்காரரே கடப்பாரய எடுத்து ஒடச்சாரு. பலகைக் கதவு போட்டு உள்ளாற தாப்பா வெச்சிட்டோம். வெளிய அடுக்கியிருந்தாரே கல்லு, அதத்தான் இப்ப வாசப்படிக்குப் போட்டிருக்குது."

"காத்து வருதா?"

"ஜிலுஜிலுன்னு வருது மேடம்."

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை? அவளுடைய பஸ் வந்தது. ஏறப்போனவள் படியில் நின்று திரும்பினாள். முகத்தில் ஒரு குறும்பு.

"அந்தப் பழைய கத்திரிப்பூ பொடவ நைஞ்சி பூட்ச்சி மேடம். இந்தத் தீவாளிக்கு ரெண்டு எடுத்தோம். ஒண்ணு எனக்கு."